ஏழாம் நம்பர் வீட்டுச் சட்டை

1971ஆம் ஆண்டு மார்ச் மாதம், ரெட்டைப்பாலத் தோட்டத்துப் பத்துமலை ஊரை விட்டுப் போன மறுநாள் காலை, பத்துமலையின் வேலைச் சட்டை தானாக எழுந்து பெரட்டுக்குப் போனது. கால்சட்டையும் கூடவே போனது. உள்ளே ஆள் இல்லை. மலேசியாவின் கோப்பெங் ஊரிலிருந்து ஏழு மைல் உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில் அன்று மரத்தில் பால் வெட்ட நல்ல நாள். முந்தின இரவு மழை பெய்யவில்லை, கொசு மட்டும் கொஞ்சம் அதிகம். இந்தச் செய்திகளோடு சேர்த்துத்தான் சட்டை வந்ததையும் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். பால்மரம் வெட்டுகிறவர்களின் உடுப்பைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி வியப்புதான். ரப்பர் பால் சொட்டிச் சொட்டிக் காய்ந்து, துணி தோலாக இறுகிவிடும். வெளுத்தாலும் போகாது. வீட்டுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைப்பார்கள். மூன்று வருடம் உழைத்த சட்டையைத் தரையில் வைத்தால் அதுபாட்டுக்கு நிற்கும். ஆகவே பத்துமலையின் சட்டை நின்றதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நடந்ததுதான் கொஞ்சம் புதிது.

தப்பு பத்துமலையின் அம்மா வீரம்மாவுடையது. பெரட்டு என்பது விடியற்காலையில் தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் நடக்கும் பேர் கூப்பிடுகை. கங்காணி ஐயாவு ஆட்களின் பெயர்ப் பட்டியலான செக்ரோலைப் பிரித்து, பென்சிலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் குரல் கொடுக்க வேண்டும். கையைத் தூக்கினால் செல்லாது. வராத ஆளுக்காக இன்னொரு ஆண் குரல் கொடுத்தாலும் செல்லாது. அவர்கள் முதல் நாள் சேர்ந்து குடித்தவர்களாக இருப்பார்கள் என்பது ஐயாவுவின் அனுபவம். ஆனால் அந்த வீட்டுப் பெண் யாராவது பெண்கள் வரிசையில் நின்று “வந்துட்டான்” என்று சொல்லிவிட்டால் ஐயாவு மறுபேச்சுப் பேசாமல் கோடு போட்டுவிடுவார். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார். தோட்டம் கொடுக்கும் லயத்து வீடு ரோலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான். வீரம்மா காண்ட்ராக்டில் களை பிடுங்குகிறவள், அவள் பெயர் ரோலில் கிடையாது. புருஷன் சின்னையா போன வருடம்தான் கப்பலேறினார். குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டுக்காரர், வேலைப் பெர்மிட் கிடைக்கவில்லை, முப்பத்தெட்டு வருடம் உழைத்த நாட்டிலிருந்து பினாங்குத் துறைமுகம் வழியாக அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய இருமல் மட்டும் கப்பலேற மறுத்து ஏழாம் நம்பர் வீட்டிலேயே தங்கிவிட்டது. விளக்கணைத்த பிறகு முன்னறையில் இரண்டு தரம் இருமும். அந்த வருடம் போனவர்கள் எல்லோருமே இப்படி ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுத்தான் போனார்கள். இப்போது பிள்ளையும் இல்லை என்றால் வீடும் இல்லை. ஐயாவு மூன்றாம் முறை கூப்பிட்டபோது வீரம்மா வாயைத் திறந்து “வந்துட்டான்” என்று பொய் சொன்னாள். சொன்ன சொல் காப்பாற்றப்பட வேண்டும் என்பதுபோல், ஆணியிலிருந்து இறங்கிய சட்டை லயத்துப் பக்கமிருந்து நடந்து வந்து ஆண்கள் வரிசையில் நின்றது. ஐயாவு ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

போனவளின் பெயர் மங்களம். அந்தப் பெயரை அவள் ஒன்பது வயதிலேயே தனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். தான் பால் வெட்டும் நிரையில் மூன்றாவது மரத்திடம் மட்டும் சொல்லியிருந்தாள், மரம் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு அவள் பத்துமலை, சின்னையாவின் ஒரே மகன், வாலிபப் பிள்ளை, சாயலில் அப்பாவை உரித்து வைத்தவன். இருபது வயதில் அதே தோட்டத்துச் சீனியின் மகளைக் கட்டிவைப்பதாகப் பேச்சு முடிந்தது. அந்தப் பெண்ணையும் கெடுத்துத் தன்னையும் கெடுத்துக்கொள்வதைவிடப் போய்விடுவதே மேல் என்று நினைத்தாள். வேலை உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, கோப்பெங் ரோடுவரை நடந்து, முதல் பஸ்ஸில் ஈப்போவுக்குப் போனாள். அடையாளக் கார்டு சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. மறந்து விட்டாளா, வேண்டாம் என்று விட்டாளா என்பது பின்னாளில் அவளுக்கே தெளிவாகவில்லை.

ஈப்போவில் நாகூர் மீரானுக்குச் சோறும் கறியும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடை இருந்தது. ஊரிலே பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு 1953இல் வந்தவர். கப்பலில் ஏறும்போது அவருடைய நாக்கு ருசி நாகப்பட்டினத்துக் கரையிலேயே நின்றுவிட்டது. உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. கடைப்பையன்களைக் கேட்டால், முதலாளி ஆக்கிய கறியாயிற்றே என்று எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவைத்தார்கள். பசியோடு பின்வாசலில் வந்து நின்ற மங்களத்தை அவர் ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம். அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தாள். அவர் ஒரு கரண்டி மீன் குழம்பை நீட்டினார்.

“உப்பு எப்படி இருக்குன்னு சொல்லும்மா.”

“கம்மியா இருக்கு, அண்ணே. புளியும் தூக்கலா இருக்கு.”

“பதினெட்டு வருசமா ஒருத்தனும் எங்கிட்ட நெசத்தச் சொல்லல லா,” என்றார் மீரான்.

அன்றே வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் அவளை உட்காரவைத்தது வேலை அல்ல, அந்த “ம்மா”தான். அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் அவள் அந்தக் கடையின் பின்கட்டில் இருந்தாள். காலையில் மசாலா அரைப்பாள், பகலில் எல்லாச் சட்டியிலும் உப்புப் பார்ப்பாள், ராத்திரி மாடியில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுப்பாள். வெளியே போவது குறைவு. ரோட்டில் அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்ட பெயர்கள் தமிழில் மூன்று, மலாயில் ஒன்று, சீனத்தில் ஒன்று. அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. போலீஸ் கார்டு கேட்டு நிறுத்தினால் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லாததால் பெரிய ரோட்டுக்கே போவதை விட்டுவிட்டாள். சிலிபின் கோயிலில் தீமிதி என்றால் கொட்டுச் சத்தம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். தீபாவளிக்கு மீரான் ஒரு புடவை எடுத்துத் தருவார். அதைக் கட்டிக்கொண்டு மாடி ஜன்னலில் நிற்பாள், பார்க்க ஆள் இருக்காது. தனிமை என்பது ஆள் இல்லாதது அல்ல, தன் பெயரைச் சொல்லி நீ எந்த வீட்டு ஆள் என்று கேட்க ஒருவரும் இல்லாதது என்று அவளுக்கு அங்கேதான் விளங்கியது. கேட்டாலும் சொல்ல அவளுக்குப் பதில் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், ஏழாம் நம்பர் வீட்டு ஆள் என்று ஒரு சொல், அதுவும் அம்மா வாயால்.

தோட்டத்திலோ சட்டை பேரும் புகழுமாக இருந்தது. மரத்தில் காயம் படாமல் வெட்டியது. லீவு போடவில்லை, முன்பணம் கேட்கவில்லை, சங்கத்தில் சேர்ந்து கொடி பிடிக்கவில்லை. வீரம்மா காலையில் தேத்தண்ணி ஊற்றி அதன் முன்னால் வைப்பாள், ஆறியதும் தானே எடுத்துக் குடிப்பாள். சீனிக்கு அந்தச் சம்பந்தத்தை விட மனமில்லை. குடிக்காது, கை நீட்டாது, எதிர்த்துப் பேசாது, இதைவிட நல்ல மாப்பிள்ளை இந்தத் தோட்டத்தில் எவன் இருக்கிறான் என்று கேட்டார். பெண்களில் பலர் அது சரிதான் என்றார்கள். சீனியின் மகள் மட்டும், துவைக்க முடியாத சட்டையைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய என்று சொல்லி ஒரு லாரி டிரைவரோடு பாகான் செராய்க்குப் போய்ச் சௌக்கியமாக இருந்தாள். 1978இல் சிறந்த தொழிலாளி என்று சட்டைக்குத் தோட்டத்து ஆபீசில் ஒரு கறுப்புக் குடை பரிசு கொடுத்தார்கள். நனைவதற்கு உள்ளே ஆள் இல்லையே என்று வீரம்மா அதைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் பெரட்டில் பெயர் வந்ததும் சட்டை கையைத் தூக்கும், வீரம்மா பெண்கள் வரிசையில் தன் இடத்தில் நின்று “வந்துட்டான்” என்பாள். ஒரு நாளும் அவள் குரல் பிசிறவில்லை.

இதற்கு நடுவில் 1975இல் ஒரு முறை மங்களம் தோட்டத்துக்கு வந்திருந்தாள். கைநிறையக் கண்ணாடி வளையல், நீலப் புடவை, தலை நிறையப் பூ, கையில் அம்மாவுக்கு ஒரு டப்பா பிஸ்கட். லயத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தாள். வீரம்மா அன்று காய்ச்சலில், பெரட்டில் குரல் மட்டும் கொடுத்துவிட்டு வீடு திரும்பியிருந்தாள். கதவைத் திறந்து கேட்டாள்.

“யாரும்மா வேணும்?”

“நாந்தாம்மா.”

“எம்மவன் மரம் வெட்டப் போயிருக்கான். ரெண்டு மணிக்கு வந்துருவான். அவன விட்டா வேற யாரும் எனக்குக் கிடையாது.”

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கண்ணாடி கிளாஸில் கொடுத்தாள். வீட்டு ஆட்கள் குடிக்கிற அலுமினியக் கோப்பை குடத்தின் மேலேயே கவிழ்ந்து கிடந்தது. மங்களம் அதைக் குடிக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கினாள். திரும்பும் வழியில் தன் பழைய நிரைக்குப் போனாள். சட்டை மூன்றாவது மரத்தில் வெட்டிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் கத்தியைக் கீழே இறக்கி மரியாதையாக நின்றது. கோபத்தில் அதன் பையில் கைவிட்டாள். கார்டு அங்கேதான் இருந்தது, அவள் முகம் ஒட்டிய கார்டு. அதை எடுத்துக்கொண்டால் ஈப்போவில் பெரிய ரோட்டில் நடக்கலாம். ஆனால் கார்டு போனால் சட்டை விழுந்துவிடும் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்தது. சட்டை விழுந்தால் அம்மா வெளியே நிற்பாள். எடுத்த கார்டைத் திரும்ப வைத்து, பையைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள். பிஸ்கட் டப்பா கையிலேயே இருந்தது. அதை மீரான் கடையில் எல்லாரும் தின்றார்கள்.

1984 ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமைப் பகல் வியாபாரம் நடந்துகொண்டிருந்தபோது, சட்டை நாசி கண்டார் கடையின் பின்வாசலுக்கு வந்து நின்றது. பஸ்ஸில்தான் வந்தது. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட் பையில் இருந்தது. மீரான் அதற்கு ஒரு நாற்காலி போட்டு, தே தாரேக் தேநீர் ஒன்று ஆற்றி வைத்தார். இவ்வளவு தூரம் வந்த விருந்தாளியைச் சும்மா உட்காரவைப்பது அவருக்கு வழக்கமில்லை. சட்டை உட்காரவில்லை. வலது கையைத் தொங்கவிட்டு, இடது கையால் அதைத் தூக்கிக் காட்டியது. மங்களத்துக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இருந்த உடுப்போடு கிளம்பினாள். பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். கம்பார் தாண்டிப் போகிற ஒரு கிழவர், அண்ணன் தங்கச்சியா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

வீரம்மாவுக்கு வலது கை கால் போயிருந்தது, பேச்சும் போயிருந்தது. கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்தது. மங்களம் வீட்டுக்குள் போய், குடத்தின் மேல் கவிழ்ந்திருந்த அலுமினியக் கோப்பையைத் தானே எடுத்து, தண்ணீர் மொண்டு குடித்தாள். வீரம்மா அதையும் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாளா, பேச்சு இருந்தாலும் பேசாமல்தான் இருந்திருப்பாளா, தெரியாது. அந்த வாரம்தான் தோட்டம் கைமாறிக்கொண்டிருந்தது, அதனால் தினப் பெரட்டு நின்றிருந்தது. புதிய கம்பெனி ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறது, லயத்தை இடிக்கப்போகிறது. கடைசிப் பெரட்டில் யார் பெயருக்குப் பதில் வருகிறதோ அந்த வீட்டுக்கு மட்டும் கோப்பெங் பக்கத்துத் தாமான் என்ற புதுக் குடியிருப்பில் ஒரு மலிவு வீடு. பெயர் அடிபட்டவர்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உடையப்பன் கெட்ட மனிதர் அல்ல. பெரட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் ஏழாம் நம்பர் வாசலில் வந்து நின்று, மங்களத்தின் முகத்தைப் பார்க்காமல் யோசனை சொன்னார்.

“ஒரு காலைக்குத்தானே லா. முடியக் கட்டி உள்ள விட்டுக்கிட்டு, அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு, வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. கார்டுல ஒம் மூஞ்சிதானே இருக்கு. வீடு கெடச்சதும் நீ எப்படி வேணா இரு, யாரு கேக்கப்போறா.”

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது உண்மைதான். அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. முன்னறையில் அப்பா இரண்டு தரம் இருமினார். விடிந்ததும் பின்பக்கம் போய்ச் சட்டையைப் பார்த்தாள். அது அவளுக்கு முன்னால் முழங்காலை மடக்கி, கழுத்தை விரித்து, போட்டுக்கொள்ளத் தோதாக நின்றது. அளவு இன்னும் சரியாகத்தான் இருந்திருக்கும். அம்மாவுக்கு ஒரு கூரை, அதற்கு விலை பதின்மூன்று வருடமாகத் தான் கட்டிக் காப்பாற்றிய மங்களம். அதுவும் இந்த ஊர் பார்க்க, அம்மா பார்க்க. ஒரு முறை அந்தப் பெயருக்கு வந்துவிட்டேன் என்று தன் வாயால் சொல்லிவிட்டால், பிறகு எத்தனை புடவை கட்டினாலும் அம்மாவின் கண்ணில் அது வேஷம்தான். சொல்லாவிட்டால் அம்மா ரோட்டில். எதையும் முடிவு செய்யாமலே அவள் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, அம்மாவை ஒரு தள்ளுவண்டியில் உட்காரவைத்துப் பெரட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

கம்பெனி அதிகாரி வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் கடைசிப் பெரட்டு பத்து மணிக்கு, நல்ல வெயிலில் நடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வீரம்மா தன் வழக்கமான இடத்துக்கே வண்டியைத் தள்ளும்படி கையைக் காட்டினாள். பெண்கள் வரிசையில், கொடிக்கம்பத்துக்கு நேராக, ஏழாம் நம்பர் வீட்டுப் பெண்கள் எப்போதும் நிற்கும் இடம் அது. மங்களம் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு வரிசைக்கு வெளியே போய் நின்றாள். அவளுக்கு எந்தப் பக்கத்திலும் இடம் இல்லை. ஐயாவு இப்போது நன்றாக நரைத்திருந்தார். பெயர்கள் வந்தன, குரல்கள் வந்தன, கோடுகள் விழுந்தன.

“பத்துமலை.”

சட்டை கையைத் தூக்கியது. வீரம்மா வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. ஐயாவு காத்திருந்துவிட்டு இரண்டாம் முறை கூப்பிட்டார். வரிசையில் எல்லாத் தலையும் மங்களத்தின் பக்கம் திரும்பியது. உடையப்பன் தரையைப் பார்த்தார். வீரம்மா மறுபடி வாயைத் திறந்து மூடினாள். பிறகு தன் நல்ல கையால் வண்டிச் சக்கரத்தைப் பிடித்து, சிரமப்பட்டு, அரை அடி ஒதுங்கினாள். அவ்வளவுதான் செய்தாள். முகத்தைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் கொடிக்கம்பத்துக்கு நேராக ஒரு ஆள் நிற்கிற இடம் விழுந்தது. மங்களம் நடந்து போய் அந்த இடத்தில் நின்றாள். ஐயாவு மூன்றாம் முறை கூப்பிட்டார்.

“வந்துட்டான்,” என்றாள் மங்களம்.

ஐயாவு பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அவர் தூக்கி வளர்த்த பிள்ளைதான், அவருக்குத் தெரியாததில்லை. அதிகாரி, யார் அது என்று மலாயில் கேட்டார்.

“ஏழாம் நம்பர் வீட்டுப் பொம்பளை,” என்றார் ஐயாவு. பிறகு அதையே மலாயிலும் சொன்னார். “அவ சொன்னா சரிதான் லா.” பென்சிலை நாக்கில் தொட்டுக் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மங்களம் அழவில்லை. இன்னும் நாற்பது பெயர்கள் இருந்தன. அத்தனையும் முடிகிறவரை அந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றாள். பக்கத்தில் நின்ற இருளாயி, வெயில் படுகிறது என்று சொல்லித் தன் முந்தானையில் பாதியை அவள் தலைமேல் போட்டாள்.

தாமானில் அவர்களுக்கு நாற்பத்திரண்டாம் நம்பர் வீடு கிடைத்தது. அப்பாவின் இருமலையும் கூட்டிக்கொண்டு போக நினைத்து, கடைசி ராத்திரி முன்னறையில் உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்த்தாள். அது வரவில்லை, லயத்தோடு போயிற்று. வீரம்மா அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்தாள். மகள் கையால் குளித்தாள், மகள் கையால் சாப்பிட்டாள். பேச்சு கடைசிவரை திரும்பவில்லை. அதனால் மங்களம் அம்மா வாயால் கேட்க ஆசைப்பட்ட சொல்லை யாரும் கேட்கவில்லை. 1986இல் வீரம்மா செத்தபோது கொள்ளிச்சட்டியைச் சட்டை சுமந்தது, மார்பில் அடித்துக்கொண்டு அழுதது மங்களம். இரண்டும் முறைப்படி நடந்ததாகவே ஊர் சொன்னது. நாகூர் மீரான் வந்து பந்தலில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மங்களம் வாரத்தில் நான்கு நாள் அவருடைய கடைக்குப் போய் உப்புப் பார்க்கிறாள். மற்ற நாட்களில் வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

சட்டை இன்னும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். தாமானில் மரம் இல்லை. அது விளக்குக் கம்பம் விளக்குக் கம்பமாக நின்று, ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு கோடு இழுத்து, கீழே பால் வடியும் மங்கு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போகும். வெயில் ஏறியபிறகு வீட்டுக்கு வரும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த குல்ஜார் பேகம் சில நாள் பார்த்துவிட்டு வேலியோரம் வந்து, யார் அது என்று கேட்டாள்.

“எங்க வீட்டு ஆள்தான்,” என்றாள் மங்களம்.

“வெயில்ல போவுதே. ஒரு குடையக் குடுத்து விடலாம்ல அக்கா.”

அது மங்களத்துக்குத் தோன்றாமல் போயிருந்தது. பெட்டியைத் திறந்து, எட்டு வருடமாகப் பிரிக்காமல் கிடந்த கறுப்புக் குடையை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு சட்டை குடையோடுதான் போகிறது. மழை நாட்களில் மங்களமும் கடைசி விளக்குக் கம்பம்வரை கூடப் போய்விட்டு வருவாள். தோட்டத்துக் குடை, இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்.